சரித்திர பாடமும் இணையவழி அப்பியாசமும்

நமது வித்தியாசாலைகளிலே மாணாக்கர் வேண்டாவெறுப்பாய்க் கற்கும் பாடம் யாதென வினவின், அவருட் பெரும்பாலார் சரித்திரம் என்றே விடை பகர்வர். அரசர் பெயரும், ஆண்டும், போர்க்களமும், உடன்படிக்கையும் நிரல்பட நெட்டுருப்பண்ணித் தவணைப் பரீட்சையில் ஒப்புவித்து, அடுத்த தவணைக்குள் மறந்தொழிதலே அப்பாடத்தின் முடிபென அவர் கருதுகின்றனர். இது பிள்ளைகளின் குற்றமன்று. சரித்திரம் யாரோ முன்னரே முடித்துவைத்த ஓர் அட்டவணையாக அவர்முன் வைக்கப்படுதலே இதற்குக் காரணம்.

உண்மையிற் சரித்திரமாவது, நிகழ்ந்ததனைக் கண்டோரும் கேட்டோரும் விட்டுச்சென்ற சான்றுகளை ஆராய்ந்து, இன்னது நிகழ்ந்திருத்தல் வேண்டும் எனத் துணியும் விசாரணையேயாம். விசாரணையைச் செய்து பழகினாலன்றி அறிதல் கூடாது. கரையிலிருந்து நீச்சல் பயில்வார் உளரோ? ஆகலின், தரம் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புக்களிற் கற்கும் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு அப்பழக்கத்தை அளித்தற்கு, இணையவழியாய் வந்துள்ள சில பாடங்கள் எங்ஙனம் உதவும், எவ்விடத்து இடர்விளைக்கும், கணினி ஒன்றேயுள்ள பாடசாலையில் அவற்றை எவ்வாறு கையாளலாம் என்பவற்றை உபாத்தியாயர்கள் சிந்தித்தற்பொருட்டு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

இடைவினைப் பாடமாவது யாது

இணையவழிக் கல்வி என்னுஞ் சொல், 2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே தொற்றுநோயின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீடுதோறும் வழங்கலாயிற்று. அக்காலத்துப் பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசிக்குப் போய்ச் சேர்ந்தவற்றுட் பெரும்பங்கு, குறிப்பெழுதிய தாள்களின் படங்களும், உபாத்தியாயரின் குரற்பதிவுகளுமேயாம். அவ்விடர்க்காலத்தில் அவை செய்த உதவி பெரிது. ஆயினும் அது கரும்பலகையைத் தொலைபேசிக்குள் மாற்றியதேயன்றிக் கற்பிக்கும் முறையை மாற்றியதன்று. பிள்ளை கேட்டது, எழுதியது, அவ்வளவே.

இடைவினைப் பாடம் என்பது அதனின் வேறு. பிள்ளை ஒன்றைத் தெரிந்து செய்தல் வேண்டும். அச்செயலுக்கேற்பப் பாடம் மறுமொழி தரல் வேண்டும். அம்மறுமொழியைக் கண்டு பிள்ளை தன் கருத்தைத் திருத்தவேனும் உறுதிப்படுத்தவேனும் வேண்டும். இம்மூன்றும் உள்ளதே இடைவினைப் பாடம். படத்தைத் தொட்டவுடன் வேறொரு படந் தோன்றுதலும், சரியான விடைக்கு மணியொலித்தலும் மாத்திரம் இடைவினையாகா. அவை பழைய நெட்டுருவுக்குப் புதிய சட்டை அணிந்தவாறேயாம்.

முதன்முதற் செய்யப்பட்ட விளையாட்டு

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1971ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினியாப்பொலிஸ் நகரத்தில் டொன் றோவிற்ஸ் என்னும் பயிற்சி ஆசிரியர் ஒருவர், எட்டாம் வகுப்புச் சரித்திர மாணாக்கர்க்கு மேற்றிசைக் குடியேற்றத்தைக் கற்பிக்க எண்ணினார். பில் ஹைன்மன், போல் டிலன்பேகர் என்னும் கணித பயிற்சி ஆசிரியர் இருவர் அவருக்குத் துணைநின்றனர். மூவருஞ் சேர்ந்து ஒறிகன் பாதை என்னும் விளையாட்டை இயற்றினர். 1847ஆம் ஆண்டில் மிசூரி நாட்டிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 2000 மைல் வண்டியிற் சென்று ஒறிகன் சேரும் ஒரு குடும்பத்தாராக மாணாக்கர் தம்மைப் பாவித்துக்கொள்ளல் வேண்டும். கையிருப்பில் எருதுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு எனப் பங்கிடுவது அவர் பொறுப்பு. பங்கீடு பிழைத்தால் நடுவழியிற் பசியேனும் பிணியேனும் வந்து கொல்லும்.

அவ்விளையாட்டில் நாம் ஊன்றி நோக்கத்தக்கன இரண்டுள. முதலாவது, அதற்குப் படமில்லை, திரையுமில்லை. தொலைவிலிருந்த பெருங் கணினியுடன் தொலைபேசிக் கம்பியாலே தொடுக்கப்பட்ட தட்டச்சு யந்திரம் ஒன்று, வினாவையும் விளைவையும் தாளில் அச்சிட்டது. வகுப்பு முழுமைக்கும் ஒரு யந்திரமே. பிள்ளைகள் குழுவாய்ச் சூழ்ந்து நின்று, விரைந்து தட்டச்சுச் செய்ய வல்லானொருவன், கணக்குப் பார்ப்பானொருவன், பாதையை நோக்குவானொருவன் எனத் தம்முள்ளே தொழில் வகுத்துக்கொண்டனர். யந்திரம் குறைவாயிருந்தமையாற் பேச்சு மிகுந்தது. பேச்சு மிகுந்தமையால் ஆராய்வு மிகுந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கணினி இல்லையே என்று கவலும் தலைமையாசிரியர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

இரண்டாவது, பிற்காலத்து றோவிற்ஸ் அவ்விளையாட்டைத் திருத்தியபோது, அப்பாதையாற் சென்றோர் எழுதிவைத்த நாட்குறிப்புக்களைப் படித்து, நோயும் புயலும் வண்டிச் சேதமும் எத்துணை முறை நேர்ந்தன எனக் கணக்கிட்டு, அவ்வீதப்படியே விளையாட்டிலும் நேருமாறு அமைத்தார். ஆகவே அவ்விளையாட்டிலே பிள்ளைக்கு நேரும் இடையூறு வெறுங் கற்பனையன்று, சான்றினின்றும் பெறப்பட்டது. நல்ல சரித்திர விளையாட்டுக்கு இதுவே உரைகல்.

பொஸ்ரன் நகரத்து அச்சகச் சிறுவன்

இனி இணையவழி வந்தவற்றுள் ஒன்றை விரித்துரைப்பாம். நியூயோர்க் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையமாகிய தேட்டீன் என்பது, 2010ஆம் ஆண்டு முதலாக மிஷன் யூஎஸ் என்னும் பெயரால் இடைநிலை வகுப்பு மாணாக்கர்க்குச் சரித்திர விளையாட்டுக்களை விலையின்றி வெளியிட்டு வருகின்றது. அவற்றுள் முதலாவதன் களம் 1770ஆம் ஆண்டுப் பொஸ்ரன் நகரம். நாற் வீலர் என்னும் 14 வயதுச் சிறுவன், பெஞ்சமின் ஈட்ஸ் என்பவருடைய அச்சகத்திலே தொழில் பயில வருகின்றான். விளையாடும் பிள்ளை அச்சிறுவனாக நின்று தெருத்தெருவாய்ச் செல்லும். வணிகரோடும், போர்வீரரோடும், அரசபக்தரோடும், கிளர்ச்சிக்காரரோடும் உரையாடும். எவருக்கு என்ன விடையிறுப்பது எனத் தானே தெரிந்துகொள்ளும். ஈட்ஸ் உண்மையாக வாழ்ந்த அச்சகர். நாற் வீலரோ கற்பிக்கப்பட்டவன். இவ்வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு முதற்கண்ணே சொல்லிவிடல் வேண்டும்.

கதை பங்குனி 5ஆந் தேதி இரவை நோக்கிச் செல்கின்றது. அவ்விரவிலே பிரித்தானியப் போர்வீரர் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். சிறுவன் அக்களத்தில் நிற்கின்றான். ஆயின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே காட்சியைக் காண்பதில்லை. நிகழ்ச்சியின் சிற்சில துண்டங்களே ஒவ்வொருவர்க்குங் காட்டப்படும். ஒருவர் பனிக்கட்டி எறியக் காண்பார்; மற்றொருவர் துப்பாக்கி நீட்டப்படுதலைக் காண்பார். பின்னர்ச் சிறுவன் தான் கண்டதைச் சாட்சியாகக் கூறல் வேண்டும். யார் முந்தித் தாக்கினார்? சுடும்படி கட்டளை பிறந்ததா? வகுப்பிலே பிள்ளைகள் தத்தம் சாட்சியை ஒப்பிட்டபோதே, பொய் சொல்லாத இருவர் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மாறுபட உரைத்தல் கூடும் என்னும் உண்மை அவர்க்கு விளங்குகின்றது. இதனைச் சொல்லால் விளக்கின் அரைமணி நேரஞ் செல்லும். விளங்கியதோ என்பதும் ஐயம். தாமே அச்சங்கடத்திற் புகுந்த பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டுவதில்லை.

சான்றுகள் கூறுவன

உபாத்தியாயர் விளையாட்டோடு அமையாது உண்மைச் சான்றுகளையும் அறிந்திருத்தல் வேண்டும். புதிய சுங்கவரிகளை ஏற்க மறுத்து நின்ற பொஸ்ரன் நகரத்தை அடக்குதற்பொருட்டு, 1768ஆம் ஆண்டு ஐப்பசியிலே படை வந்திறங்கியது. 1770 மாசி 22இல் ஏறக்குறைய 11 வயதினனாகிய கிறிஸ்ரோபர் சைடர் என்னும் சிறுவன், சுங்கத்தார்க்கு உளவுரைத்த ஒருவனுடைய துப்பாக்கிக்கு இரையானான். நகரம் கொதித்திருந்தது. பங்குனி 5ஆந் தேதி இரவு, சுங்கச்சாலை வாயிலிற் காவல் நின்ற வீரனுக்கும் தொழில் பயிலுஞ் சிறுவனொருவனுக்கும் வாய்ப்போர் மூண்டது. வீரன் சிறுவனைத் துப்பாக்கியால் அடித்தான். கூட்டம் திரண்டது. கோயில் மணிகள் ஒலித்தன. தோமஸ் பிறெஸ்ரன் என்னும் கப்ரன் வீரர் எழுவருடன் காவலனுக்குத் துணையாக வந்தார். பனிக்கட்டியும் தடியும் வீசப்பட்டன. வீரனொருவன் வீழ்ந்தெழுந்து சுட்டான், மற்றையோருஞ் சுட்டனர். கிறிஸ்பஸ் அற்றக்ஸ் முதலிய மூவர் அவ்விடத்திலேயும், மற்றும் இருவர் பின்னரும், ஆக ஐவர் மாண்டனர்.

கப்ரன் கட்டளையிட்டனரா என்பதே விசாரணையின் உயிர்நிலை. டானியல் கேலிவ் என்பவர், கட்டளையிட்டவருடைய முகத்தைத் தாம் நேரே நோக்கியதாகவும் அவர் செஞ்சட்டை அணிந்திருந்ததாகவும் சாட்சி கூறினார். வேறு சிலர், கட்டளையிட்டவர் செஞ்சட்டையின் மேலே வேறு நிற மேலங்கி தரித்திருந்தார் என்றனர். றிச்சாட் பாம்ஸ் என்னும் வணிகரோ, கப்ரனுக்கு முன்னே அணுகி நின்று அவருடன் பேசிக்கொண்டிருந்தவர். சொல் பிறந்ததைக் கேட்டும், அது யார் வாயிற் பிறந்தது என அறியேன் என்றார். கப்ரன் தாம் துப்பாக்கிகளுக்கு முன்னே நின்றதாகவும், அங்ஙனம் நின்று சுடச்சொல்லின் முதலில் மாள்பவர் தாமேயாதல் வேண்டுமெனவும் வாதித்தார்.

இங்கே தமிழில் மொழிபெயர்ப்போர் கருதற்பாலதொன்று உண்டு. ஆங்கிலத்திலே ஃபயர் என்னும் ஒரு சொல்லே சுடு எனவும் நெருப்பு எனவும் இருபொருள் படும். அக்காலத்து மணியொலித்தல் நெருப்புப் பற்றியதற்கு அடையாளம். ஆதலின் நெருப்பு நெருப்பென்று கூவிக்கொண்டு ஓடிவந்தோர் பலர். கூட்டத்துள்ளே, சுடுங்கள் பார்ப்போம் என வீரரை அறைகூவினாரும் உளர். அச்சொல் கேட்டதென்பதனால் மாத்திரம் கட்டளை பிறந்ததென்று துணிதல் எங்ஙனம்? தமிழிற் சுடு என்று மாத்திரம் எழுதிவிடின் இவ்விடர் மறைந்துபோம். மூலச்சொல்லைத் தமிழெழுத்திலே தந்து அதன் இருபொருளையும் விளக்குதல் உபாத்தியாயர் கடன்.

பின்னர் நிகழ்ந்தது உன்னத்தக்கது. கிளர்ச்சியாளர் சார்பினராகிய ஜோன் அடம்ஸ் என்னும் நியாயவாதி, பகைவரென நகரமே வெறுத்த அப்போர்வீரர் பக்கம் நின்று வாதாடினார். கப்ரன் ஐப்பசி மாத முடிவிலே குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். வீரர் எண்மருள் அறுவர் விடுதலை பெற்றனர். இருவர் கொலைநோக்கமில்லாக் கொலைக்குற்றத்திற்காகப் பெருவிரலிற் சூடிடப்பட்டனர். இந்த அடம்ஸ் 1797இல் அந்நாட்டின் இரண்டாம் சனாதிபதியானார். தம் கட்சிக்கு மாறாயினும் உண்மை விசாரிக்கப்படல் வேண்டும் என்று நின்றமை அவரைத் தாழ்த்தவில்லை.

இனிப் படத்தின் கதை. துப்பாக்கி முழங்கி மூன்று வாரஞ் செல்லுமுன்னரே போல் றிவியர் என்பவர் ஒரு செதுக்குப் படத்தை விற்பனைக்கு விட்டார். ஹென்றி பெல்ஹாம் என்பவர் முன்னர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. அதிலே வீரர் ஒழுங்காய் அணிவகுத்து ஒருசேரச் சுடுகின்றனர். கப்ரன் அவர் பின்னே நின்று வாளை உயர்த்துகின்றார். சனங்கள் நிராயுதராய்ச் சாகின்றனர். பனியில்லை, தடியில்லை. இருளும் நன்கு தோன்றவில்லை. சுங்கச்சாலையின்மேற் கொலைக்களம் எனப் பொருள்படும் பெயர்ப்பலகை இருக்கின்றது. இப்படத்தை அச்சிட்டுக் கொடுத்த அச்சகம் எது? நம் கதைச்சிறுவன் தொழில் பயின்றதாகச் சொல்லப்படும் ஈட்ஸ் என்பவருடைய அச்சகமே. நகரத்தார் பக்கத்துச் சாட்சியங்கள் 96ஐத் திரட்டி வெளியிட்டதும் அதுவே. அச்சகமும் ஒரு கட்சியைச் சார்ந்து நின்றது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்ளும்படி விடுதல் நன்று.

நமது அளவை நூல்வழி

இவ்விசாரணை மேனாட்டார்க்கே உரியதென்று எண்ணற்க. காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்து, காட்சியுள்ளும் ஐயக்காட்சி திரிவுக்காட்சி என்பவற்றைக் களைந்து உண்மைக்காட்சியைக் கொள்ளுதல் நமது தருக்க நூல்களுக்குத் தொன்றுதொட்ட வழக்கு. இருளிலே கயிற்றைப் பாம்பெனக் காண்டல் திரிவு. குற்றியோ மகனோ எனத் துணியாது நிற்றல் ஐயம். பொஸ்ரன் தெருவில் மேலங்கி கண்டவரும் செஞ்சட்டை கண்டவரும் இவ்விரண்டனுள் எதன்பாற் படுவர் என வினவின், எட்டாந் தரத்துப் பிள்ளையும் உற்சாகத்துடன் வாதிடும். உரையைக் கொள்ளுமுன் உரைத்தவனுடைய தகுதியை ஆராய்க என்பதும் அந்நூல்களின் துணிபே. ஆகவே சைவபாடம் கற்பிக்கும் உபாத்தியாயரும் சரித்திரபாடம் கற்பிக்கும் உபாத்தியாயரும் இங்கே ஒருவர்க்கொருவர் துணையாவர்.

வகுப்பில் நடத்தும் முறை

நாற்பது நிமிடப் பாடவேளை நான்கு இதற்குப் போதும். முதல் வேளையிலே உபாத்தியாயர் கடற்படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, இங்கிலாந்துக்கும் பொஸ்ரனுக்கும் இடையிலுள்ள கடலையும், படை வந்த காரணத்தையும் பத்து நிமிடத்திற் சொல்லுக. பின் ஐவர் அறுவராகக் குழு வகுத்து, ஒரு குழு கணினியின்முன் அமர, ஏனையோர் அப்படத்தைக் கொப்பியில் வரைந்து வினாக்களை எழுதுக. அவ்விளையாட்டு நீண்டதாதலின் முழுவதையும் விளையாட வேண்டுவதில்லை. பங்குனி 5ஆந் தேதி நிகழ்ச்சிப் பகுதியே இன்றியமையாதது. மொழி ஆங்கிலமாதலின் உபாத்தியாயர் முன்னரே ஒருமுறை தாம் விளையாடிப் பார்த்து, வேண்டிய உரையாடல்களைத் தமிழிற் குறித்து வைத்தல் வேண்டும். எல்லாக் குழுவும் முதல் வேளையில் முடித்தல் அரிது. எஞ்சியோர்க்குப் பாடசாலை விட்டபின் இடங்கொடுக்க.

இரண்டாம் வேளையிலே கணினியை மூடிவிடுக. ஒவ்வொரு பிள்ளையும், பிறருடன் பேசாது, தான் கண்டதைப் பத்து வரியிற் சாட்சியமாக எழுதுக. எழுதியபின் குழுவுக்கொருவர் எழுந்து வாசிக்க, மாறுபடும் இடங்களை உபாத்தியாயர் கரும்பலகையில் இருநிரலாக எழுதுக. இவ்வேளையிலே யார் சொன்னது சரியென்று உபாத்தியாயர் கூறலாகாது.

மூன்றாம் வேளையிலே உண்மைச் சாட்சியருள் மூவர் கூற்றைத் தமிழிற் சுருக்கி எழுதிய தாளும், றிவியர் படமும் கொடுக்கப்படும். பிள்ளைகள் ஒவ்வொரு சான்றுக்கும் ஐந்து வினாக்களுக்கு விடை தேடுக. அவையாவன: இதனைச் சொன்னவர் யார்? அவர் எங்கே நின்றார்? நிகழ்ந்து எத்தனை நாளின்பின் சொன்னார்? சொன்னதனால் அவருக்கு ஆவதென்ன? அவர் சொன்னதற்கு ஒத்துவரும் வேறு சான்று உண்டா? இவ்வைந்தும் கொப்பியின் முதற் பக்கத்திலே எழுதிவைக்கப்படின் ஆண்டு முழுவதும் உதவும்.

நான்காம் வேளையிலே ஒவ்வொருவரும் தம் தீர்ப்பை ஒரு பக்கத்தில் எழுதுக. புள்ளி வழங்குங்கால், தீர்ப்பு இன்னதாதல் வேண்டும் எனக் கொள்ளாது, ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று காட்டப்பட்டதா, தன் கருத்துக்கு மாறான சான்றையும் எடுத்து ஆராய்ந்ததா என்பவற்றையே நோக்குக. என்னால் துணிய முடியவில்லை என எழுதிய பிள்ளை, அதற்குக் காரணங் காட்டுமாயின் முழுப்புள்ளிக்கும் உரியதாகும்.

கணினி அறவே இல்லாத பாடசாலையார் இதனைக் கைவிட வேண்டுவதில்லை. நிகழ்ச்சியின் துண்டங்களைச் சிறு அட்டைகளில் எழுதிக் குழுவுக்கு இரண்டாக வழங்கின், முதல் வேளையின் பயன் பெரும்பாலும் எய்தப்படும்.

அற்றேல், இவ்வளவு நேரத்தையும் இதிலே செலுத்தின் பாடத்திட்டம் முடிவதெப்போது, பரீட்சைக்கு இஃது உதவுமோ எனச் சிலர் ஆசங்கிப்பர். தவணைக்கு நான்கு வேளையே கேட்கின்றோம். பல நிகழ்ச்சிகளை மேலோட்டமாய்க் கேட்டு மறத்தலினும், ஒன்றை அடிவரை ஆராய்ந்த பிள்ளை ஏனையவற்றையும் வினாவுடன் படிக்கும். காரணங்கேட்டு விளக்கம் எழுதும் வினாக்களுக்கு இப்பயிற்சி நேரே உதவும். ஆண்டும் பெயரும் வேண்டாவோ எனின், வேண்டும். நிகழ்ச்சிகளின் முறை தெரியாதவனுக்குக் காரணகாரியமும் தெரியாது. ஆயின் அவை மரத்துக்கு வேலி போல்வன, வேலியே மரமாகாது.

விலக்கத்தக்கன

எல்லா விளையாட்டும் ஏற்புடையன அல்ல. டென்மார்க்குத் தேசத்துக் கொம்பனியொன்று அடிமை வாணிகத்தைக் கற்பிக்க 2013இல் ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதன் ஒரு பகுதியிலே, அடிமைப்பட்ட மாந்தருடைய உருவங்களைக் கட்டைகள்போற் கப்பலின் அடித்தட்டில் அடுக்குதலையே விளையாட்டாக வைத்தனர். கப்பலில் நேர்ந்த கொடுநெருக்கத்தை உணர்த்துதலே தம் நோக்கம் என்றனர். 2015இல் அது பலர் கண்ணுக்கும் புலப்பட, பெருங் கண்டனம் எழுந்தது, அப்பகுதி நீக்கப்பட்டது. நோக்கம் நல்லதாயினும், துன்பத்தைப் புள்ளிபெறும் கருவியாக்கின் பிள்ளையின் மனம் புள்ளியை நாடுமேயன்றித் துன்பத்தை உணராது. பிறருடைய மரணமும் இழிவும் நிகழுமிடத்தில் விளையாட்டை நிறுத்தி, அடங்கிய குரலில் உபாத்தியாயரே எடுத்துரைத்தல் தகும். நம் பிள்ளைகளுள் யுத்தத்திலே தந்தையையோ தாய்மாமனையோ இழந்த குடும்பத்தார் பலர் உளர். அக்காலத்தை எவரும் விளையாட்டாக்கிக் கொணரின், அதை வகுப்பறை வாயிலிலேயே நிறுத்துக.

மற்றொரு குற்றம், யந்திரத்துக்குப் பின்னே ஆசிரியர் மறைந்து நிற்றல். நூலுக்கு ஆக்கியோன் பெயர் முதற்பக்கத்தில் உண்டு. விளையாட்டில் அது கண்ணிற் படுவதில்லை. பிள்ளைக்கு எத்தெரிவுகள் தரப்பட்டன, எவை தரப்படவில்லை என்பதைத் தீர்மானித்தவர் ஒருவர் உளர். ஒறிகன் விளையாட்டு வண்டியிற் சென்றோர் கண்ணாலேயே யாவற்றையுங் கண்டது. அந்நிலத்திலே முன்னரே வாழ்ந்த பூர்வகுடிகள் தம் கதையைச் சொல்ல அதிலே இடமிருக்கவில்லை. 2021இல் வந்த புதிய பதிப்புக்கே அக்குடிகளைச் சார்ந்த சரித்திர அறிஞரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. ஆதலின் விளையாட்டையும் ஒரு சான்றாக வைத்து, முற்கூறிய ஐந்து வினாக்களையும் அதன்மேலேயே தொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, நிலையாமை. பிளாஷ் என்னுங் கணினிக் கருவியை நம்பிச் செய்யப்பட்ட பாடங்கள் எண்ணில. அதனை நடத்திய கொம்பனி 2020 மார்கழி 31ஆந் தேதியுடன் அதற்குத் துணைசெய்தலை ஒழிக்க, மாற்றியமைக்கப்படாத பாடங்கள் திறக்கப்படாதனவாயின. ஒறிகன் விளையாட்டும் முதலாண்டு முடிவிலே கணினியினின்றும் நீக்கப்பட்டது. றோவிற்ஸ் அதன் எழுத்தைத் தாளில் அச்சிட்டு வைத்திருந்தமையாலேயே 1974இல் மீட்டும் உயிர்பெற்றது. ஆகவே இணையத்திற் கண்ட நல்ல சான்றுகளைத் தாளிலும் எழுதிப் பாடசாலைப் பெட்டகத்தில் வைத்தல் விவேகம்.

இதனாற் பெறப்படும் பயன்

பொஸ்ரன் கதை நமக்கு எதற்கென்று கேட்பார்க்கு ஒரு விடை கூறி முடிப்பாம். 2018ஆம் ஆண்டு மாசி மாதத்திலே அம்பாறையில், முஸ்லிம்களுடைய உணவுக்கடையொன்றிற் கறியிலே மலட்டு மருந்து கலக்கப்பட்டதென ஒரு வதந்தி எழுந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கறியிற் கண்டது மாக்கட்டியேயென அரசாங்கப் பரிசோதனையிற் பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் அவ்வதந்தி தொலைபேசிதோறும் பரந்துவிட்டது. அடுத்த மாதம் கண்டிப் பகுதியிலே கலகம் மூள, அரசாங்கம் சமூக வலைத்தளங்களைச் சிலநாள் தடைசெய்தது. றிவியர் படத்தைக் கையில் வாங்கிய பொஸ்ரன் நகரத்தானுக்கும், இரவிலே தொலைபேசியில் வந்த படத்தைப் பிறருக்கு அனுப்பும் நம்மவனுக்கும் நிலை ஒன்றே. யார் சொன்னார், எங்கே நின்றார், அவருக்கு ஆவதென்ன என்று கேட்கும் பழக்கம் பிள்ளைப்பருவத்தில் வேரூன்றாவிடின் பின்னர் வரப்போவதில்லை. ஒரு கடை எரிவதும் எரியாதிருப்பதும், ஓருயிர் போவதும் போகாதிருப்பதும், சிலவேளைகளில் அவ்வினாக்களைக் கேட்க ஒருவன் இருந்தானா என்பதைப் பொறுத்தனவாம்.

இப்பழக்கத்தைப் பிறருடைய சரித்திரத்தில் மாத்திரம் பிரயோகித்து நம்முடையதனை விலக்கிவைத்தல் நேர்மையன்று. யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றியது. நாம் பெரிதும் போற்றுவது. அதனைப் போற்றியவர்களே ஆராயவுஞ் செய்தனர். முதலியார் இராசநாயகம் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும் வெளியிட்ட நூல்களிலே அதன் கூற்றுக்களைச் சாசனங்களோடும் பிற நூல்களோடும் ஒப்புநோக்கி, சிலவற்றைத் தாங்கியும் சிலவற்றை மறுத்தும் எழுதினர். அவ்விருவரும் தம்முள்ளும் மாறுபட்டனர். அம்மாறுபாட்டினால் நம் சரித்திரம் குன்றியதில்லை, வளர்ந்தது.

2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூல்நிலையத்தில், ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் பல்லாயிரம், எவரும் விலையின்றிப் படிக்குமாறு இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தழிந்ததை அறிந்தோர்க்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். அதனின்றும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு பழைய பத்திரிகைச் செய்திகளை எடுத்து, பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அந்நாளைய குறிப்பிருப்பின் அதனையுஞ் சேர்த்து, ஊர்ப்பெரியார் ஒருவர் வாய்மொழியையுங் கேட்டெழுதின், நான்கு சான்றுகளோடு நம் மொழியிலேயே ஓர் இடைவினைப் பாடம் ஆயத்தமாகும். அதற்குப் பொருட்செலவு பெரிதன்று. உபாத்தியாயர் இருவர் ஒரு விடுமுறையிற் கூடியிருந்து உழைத்தல் போதும்.

ஒவ்வொரு வித்தியாசாலையும் ஆண்டுக்கு ஒரு பாடத்தை இங்ஙனம் அமைத்து அயற் பாடசாலைக்குக் கைமாற்றுமாயின், பத்தாண்டில் நமது பிள்ளைகளின் கையில் ஒரு நல்ல தொகுதி இருக்கும். வரும் விடுமுறையிலேயே அதற்கு அடியிடுவார் உளராக.